கோணல் கருவிக்குக் கையெழுத்துப் போடாதவர்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி கைபேசியில் வந்தபோது சின்னாளப்பட்டிப் பேருந்தில் இருந்தேன். இறங்கி மாதா கோயிலுக்கு ஓடினேன். மறுநாள் அடக்கம் முடிந்து நடந்த இரங்கல் கூட்டத்தில், "எல்லாரையும் அனுசரித்துப் போனவர்" என்று பேசினார்கள். அபாண்டம். அவரோடு ஒரே ஆய்வகத்தில் குப்பை கொட்டியவன் நான். அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நுண்ணோக்கி அறை அவர் பொறுப்பு. திங்கட்கிழமை காலையில் யாருடைய ஆய்வு மாதிரியையும் வைக்க விடமாட்டார். சிவப்பும் பச்சையும் சேர்ந்து ஒளிரும் பொடித்துகள்களை முதலில் வைத்துப் பார்ப்பார். இரு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கருவி நலம். விலகினால் யார் வந்து நின்றாலும் அறை திறக்காது. "பாவத்தைச் சொல்லிக் கழுவ நமக்குப் பாவசங்கீர்த்தனம், இதுக்குத் துகள் சோதனை. ரெண்டையும் தள்ளிப்போடக் கூடாது அப்பு" என்பார் என்னிடம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புதிய லேசர் நுண்ணோக்கி வந்தது. அதை விற்ற நிறுவனத்துப் பொறியாளர் காலையில், ஏசி குளிரில் சோதித்துக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது.

"செத்த நேரம் பொறுங்க. கரண்ட் போய் வரட்டும்" என்றார் அக்கா.

எங்கள் ஊரில் அதற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. மதியம் மின்சாரம் போனது. கருவிக்கு யுபிஎஸ் உண்டு, ஏசிக்கு இல்லை. அறை வெந்தது. அதே துகள்களில் இப்போது சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்.

"இந்த ஊரு வெக்கைக்கு அப்படித்தான் மேடம்" என்றார் பொறியாளர்.

"அப்ப இந்த ஊரு வெக்கையத் தாங்குறதாக் கொண்டாங்க."

திறப்பு விழா அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. கருவியை ஏற்கும் ஒப்புதல் தாளோடு ஆய்வக இயக்குநரே வந்தார். "கையெழுத்துப் போட்டுருங்கம்மா, பெறகு சரிபண்ணிக்கலாம்." போட்டால் பழுது எங்கள் தலையில் விழும், பொய்ப் படங்களை நம்பி மாணவர்கள் ஆய்வேடு எழுதுவார்கள்.

"மாட்டேன் சார். அம்புட்டு அவசரம்னா நீங்க போடுங்க."

அவரும் போடவில்லை. விழா தள்ளிப்போனது. நிறுவனம் முனகிக்கொண்டே பாகத்தை மாற்றியது. பிறகு எந்த வெயிலிலும் நிறங்கள் விலகவில்லை.

அக்காவுக்கு 'ஒத்துழைக்காதவர்' என்று பட்டம் கட்டினார்கள். வரவேண்டிய பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. "படம் சரியா வருதுல்ல, அது போதும் அப்பு" என்றார். எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை. அந்தப் பட்டத்தைக் கட்டியவர்கள்தான் இரங்கல் கூட்டத்தில் மாலையோடு முன்வரிசையில் நின்றார்கள்.

அந்த அறை இப்போது என் பொறுப்பில். அடக்கத்துக்கு மறுநாளே, முன்வரிசையில் நின்றவர்களில் ஒருவர், சோதனை முடியாத இன்னொரு கருவிக்கு ஒப்புதல் தாளை நீட்டினார். "ஸ்டெல்லா மேடம் இருந்தா இந்நேரம் போட்டிருப்பாங்க" என்றார் கூசாமல்.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரே ஒரு சொல். அதைத் தாளை நீட்டியவரிடம் சொன்னேன்.

"மாட்டேன் சார்."