ஸ்கூட்டர் மட்டும் ஓட்டலாம்

கள் குடித்தாலும் போதை ஏறும் என்பது என் வீட்டுக்காரருக்குப் போர்ட் பிளேர் போலீஸ் சொல்லித்தான் தெரிந்தது. நான் சொன்னபோதெல்லாம் தெரியவில்லை.

நாங்கள் நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் வெட்டிய குடும்பம். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள். அங்கே நிக்கோபாரிகள் வீட்டுக்குப் போனால் தென்னங்கள் கொடுப்பார்கள். தாரி என்பார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடும். காலையில் இறக்கிய கள் அப்படியொன்றும் தலைக்கு ஏறாது. அதைக் குடித்துவிட்டுத்தான் அவர் தோட்டத்து டிராக்டரை ஓட்டினார். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சுனாமியில் எங்கள் மகன் போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று நான் மகளோடு மேட்டிலிருந்த சொந்தக்காரர் வீட்டில் இருந்தேன். அவரும் பையனும் கீழே இருந்தார்கள். "கடல் வந்துச்சு, பையன் போயிட்டான்" என்று சொன்னதோடு சரி, அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மிஞ்சிய மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி, முகாமில் கிடந்து, கடைசியில் போர்ட் பிளேர் டாலிகஞ்சில் ஒரு வாடகை வீடு பிடித்தோம். மகள் பள்ளிக்கூடம் போனாள். அவர் ஆட்டோ ஓட்டினார். மூச்சு விட ஆரம்பித்திருந்தோம்.

அப்போதுதான் கட்சாலிலிருந்து அவருடைய நிக்கோபாரி நண்பர் ஆஸ்பத்திரிக்காக வந்தார். பாசத்தோடு ஒரு பெரிய பாட்டில் தாரியும் கொண்டுவந்தார். கப்பல் தீவு தீவாக நின்று வந்து சேர்வதற்குள் அது புளித்துப் பொங்கி, மூடியைத் திறந்ததும் கூரை வரைக்கும் சீறியது. அதைப் பார்த்தாவது புத்தி வர வேண்டாமா? ஊர்க் கள்ளின் வாசனை வந்ததும் இந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலைக் கள்ளைக் குடிப்பதுபோலக் குடித்துவிட்டு, நண்பரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, நேராகப் போய்ச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கினார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் போலீஸ்காரர் ஊதச் சொன்னார், இவரும் ஊதினார்.

கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டாவது நின்றிருக்கலாம். "சாராப் நஹி பியா சாப், தாரி பியா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். சாராயம் குடிக்கவில்லையாம், கள்தான் குடித்தாராம்! கோர்ட்டே சிரித்தது. எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அபராதத்தோடு ஆறு மாதத்துக்கு லைசென்ஸையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆட்டோவின் மேல் நீலத் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்து அவர் சொன்னார்:

"கட்சாலுக்கே போயிருவோம். தோட்டத்து டிராக்டருக்கு எவன் லைசென்ஸ் கேக்குறான்? பையனும் அங்கதான இருக்கான்."

பையன் பேச்சை எடுத்துவிட்டார். ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"மக இங்க படிக்கிறா. அந்தக் கடல் பக்கம் அவளக் கூட்டிப் போக நான் விட மாட்டேன். நீங்க எத்தன கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாலும் சரி."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். கப்பல் டிக்கெட் கவுண்டர் பக்கம்தான் போயிருப்பார் என்று தெரியும். வண்டி ஓட்டாவிட்டால் இந்த மனிதரை இங்கே நிறுத்திவைக்க முடியாது. லைசென்ஸ் வேண்டும், முழுசாக இல்லாவிட்டால் பாதியாவது வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் போக்குவரத்து அலுவலகம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். "ஹமாரா ஹாத் மே நஹி ஹை மேடம்" என்றார், தன் கையில் இல்லையாம். கோர்ட் கட்டியதைக் கோர்ட்தான் அவிழ்க்க முடியும் என்றார். சரி என்று கோர்ட்டுக்குப் போனேன். மனு கொடுத்தேன். கூப்பிடுவார்கள் என்றார்கள்; கூப்பிடவில்லை. மறுபடி போனேன். மறுபடியும் போனேன். வாசலில் இருந்த காவலர் என்னைக் கண்டதுமே பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனால், "எல்லாரும் பாக்குறாங்க" என்று முனகுவார். "சாக்கடையில எறக்குனப்பவும் எல்லாருந்தான் பாத்தாங்க" என்பேன்.

ஒருவழியாக மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்கள். நான் பேசியது எங்கள் தீவு இந்தி. அதில் ஆண்பால் பெண்பால் என்று எதுவும் கிடையாது, வாய்க்கு வந்ததுதான். "சாப், இவர் தப்பு பண்ணியது ஆட்டோவில். வீட்டில் ஒரு பழைய ஸ்கூட்டர் நிற்கிறது, அது ஒரு தப்பும் பண்ணவில்லை. அதை மட்டும் ஓட்ட விடுங்கள். நான் இட்லிக்கு மாவரைக்கிறேன், இவர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்" என்றேன்.

"மறுபடி குடித்தால்?"

"நான் பின்னால் உட்கார்ந்து போவேன்."

"தினமுமா?"

"தினமும், சாப்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், என் வீட்டுக்காரரை ஒரு முறை பார்த்தார். என் புருஷனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை தன்னால் கொடுக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, வாடகை வண்டி கூடாது, சொந்த ஸ்கூட்டர் மட்டும் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

நான் பின்னால் உட்கார வேண்டும் என்று உத்தரவில் ஒன்றும் இல்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். தினமும் அவரை ஊதச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். மாவு வாளியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறுவேன். மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எல்லாருக்கும் இட்லி வேண்டும், ஆட்டத்தான் யாருக்கும் பொழுதில்லை. ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது, "க்யா பாய், போலீஸ் பீச்சே பைட்டா ஹை!" என்று கத்துவார்கள். போலீஸே பின்னால் உட்கார்ந்திருக்கிறதாம். அவருடைய காது சிவப்பது பின்னாலிருந்து எனக்குத் தெரியும். பாவமாகவும் இருக்கும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும்.

ஒரு நாள் ஊதியபோது நாறியது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கி நடந்தே வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொரு நாள், யாரோ கேலி செய்தார்கள் என்று ஸ்கூட்டரை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். வாளியை முன்னால் வைத்து, ஏற்றத்தில் அந்த வண்டியை வீடு வரைக்கும் தள்ளினேன். கை இரண்டும் கழன்றுவிட்டன. வந்து பார்த்தால் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க தனியா கட்சாலுக்குப் போறதுன்னா போங்க. நானும் மகளும் இங்கதான்" என்றேன்.

அவர் எழுந்து வந்து வாளியை இறக்கிவைத்தார். மறுநாள் நான் சொல்வதற்கு முன்பே ஊதினார். அதற்குப் பிறகு நாறவில்லை.

ஆறு மாதம் முடிந்து முழு லைசென்ஸ் கைக்கு வந்த அன்று, கட்சாலிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். தோட்டத்து டிராக்டருக்கு ஆள் வேண்டுமாம், அடுத்த கப்பலிலேயே வந்துவிடச் சொன்னார்கள். இவ்வளவும் பண்ணி, கடைசியில் அந்த மனிதரைத் தயார்பண்ணி நானே கப்பலேற்றி அனுப்பப்போகிறேனே என்றிருந்தது. அவர் தார்ப்பாயை எடுத்து உதறி, ஆட்டோவைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"என்னா முடிவு பண்ணிட்டீங்க?"

"மகளுக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரம். போய்க் கூட்டியாருவோம், ஏறு."

"முழு லைசென்ஸ்தான் வந்திருச்சே. இனிமே நான் எதுக்கு?"

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"கடல் வந்த அன்னைக்கு எல்லாரையும் ஏத்திக்கிட்டு டிராக்டர எடுத்தேன். பையனும் பின்னால ஏறிட்டான்னுதான் நெனச்சேன். திரும்பிப் பாக்கல. மேட்டுக்கு வந்து எறங்கித்தான் பாத்தேன்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொல்கிறார்.

"அதுக்கப்புறம் எந்த வண்டிய எடுத்தாலும் மனசு திரும்பிப் பாக்கச் சொல்லும். நீ பின்னால உக்காந்த இத்தன நாளுந்தான் நேரா பாத்து ஓட்டினேன். கட்சாலுக்குப் போனா அவனத் தேடிக்கிட்டேதான் இருப்பேன். அவன் கெடைக்க மாட்டான். நான் போகல."

அழுதுகொண்டே ஏறி, அவர் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். அவர் வண்டியைக் கிளப்பினார், ஆனால் நகர்த்தவில்லை.

"ஏறிட்டேன்" என்றேன். "போங்க."