கவர்னரின் இரண்டு கார்டுகள்

1. பெட்டி

1998-இல் ஃப்ரீமான்ட்டில் ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனி எடுத்துக்கொடுத்த H1 என்ற அமெரிக்க வேலை விசாவில் இருந்தேன். நண்பர்கள் எல்லோரும் Y2K கம்ப்யூட்டர் வேலையில் மூழ்கியிருக்க, என்னை ஒரு மியூசியத்துக்கு அனுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாநில கவர்னராக இருந்த ஒருவரின் வாழ்க்கையை டச் ஸ்க்ரீனில் கொண்டுவர வேண்டும். தொட்டால் ஒரு கார்டு திறக்கும்: ஒரு படம், பத்து வரி.

பெட்டி நிறைய ஜெராக்ஸ் கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள். படிக்கச் சொல்லவில்லை. நான் படித்தேன். ஆள் என்னைக் கவிழ்த்துவிட்டார். சுரங்கத் தொழிலாளிகளுக்கு மளிகையும் மண்வெட்டியும் விற்றவர், ரயில் கம்பெனி தொடங்கி, கவர்னரும் ஆகிவிட்டார். அவர் படத்தை என் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

பெட்டியின் அடியில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று பதவியேற்பு உரை: சீனர்கள் தாழ்ந்த இனம், இங்கே குடியேற விடக்கூடாது என்கிறார். மற்றது சில வருடம் கழித்து ரயில் கம்பெனிக்காக எழுதிய அறிக்கை: சீனர்கள் அருமையான உழைப்பாளிகள், அவர்கள் இல்லாமல் தண்டவாளம் போட முடியாது என்கிறார். இரண்டுக்கும் கார்டு செய்தேன். மேஜைக்கு மேலிருந்த படத்தைக் கழற்றி டிராயரில் போட்டேன்.

2. டிலீட் கீ

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. கண்காட்சிப் பொறுப்பாளர் சூசன் அறிக்கை கார்டைப் பாராட்டினார். உரை கார்டை எடுத்துவிடச் சொன்னார். நன்கொடையாளர்கள் வருகிறார்களாம், விழாவுக்குப் பொருந்தாதாம். எடுத்தால் இரண்டையும் எடுக்கிறேன், ஒன்றை மட்டும் எடுக்க மாட்டேன் என்றேன்.

அரை மணியில் என் கம்பெனி முதலாளி பாஸ்கர் சாரின் போன் வந்தது.

"என்னப்பா, கிளையன்ட்கிட்ட மல்லுக்கு நிக்கிறியாமே?"

"ஒரு கார்டை மட்டும் எடுக்கச் சொல்றாங்க சார். எடுத்தா அந்த ஆளு சீனாக்காரங்களை வாழவெச்ச மாதிரி ஆயிடும்."

"ஆயிட்டுப் போகட்டும். அவர் செத்து நூறு வருஷம் ஆச்சு. உன் H1 உயிரோட இருக்கு, அதுவும் என் கம்பெனி பேர்ல. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"ஒரு டிலீட் கீதானே, அமுக்கேன்."

"நான் அமுக்க மாட்டேன் சார்."

"இன்னொருத்தன் வந்து அமுக்கிட்டுப் போவான். உனக்கு என்ன கிடைக்கும்?"

போனை வைத்தேன். பேட்ஜை ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

3. பெஞ்ச்

மறுநாளே வேறொருவரை அனுப்பினார்கள். நான் இரண்டு மாதம் பெஞ்சில் இருந்தேன். அதாவது வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஊருக்குத் திருப்பி அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தே எடுப்பேன். கடைசியில் பாஸ்கர் சாரே என்னை நாட்டின் மறுகோடியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்து கம்பெனி புராஜெக்ட்டில் போட்டார்.

"அங்க வெறும் மாத்திரைதான். கவர்னர் யாரும் கிடையாது, பயப்படாம போ" என்றார்.

4. டிக்கெட்

நாலைந்து வருடம் கழித்து ஃப்ரீமான்ட் போனபோது டிக்கெட் வாங்கி அந்த மியூசியத்துக்குள் போனேன். என் ஸ்க்ரீன் முன்னால் ஒரு டீச்சர், கூடவே ஒரு வகுப்புப் பிள்ளைகள். அறிக்கை கார்டு பளிச்சென்று திறந்தது. பதவியேற்புப் பக்கத்தைத் தொட்டதும் படம் மட்டும் வந்தது. கீழே 'உரை' என்ற பட்டன் அப்படியே இருந்தது. எனக்குப் பிறகு வந்தவர் கார்டை எடுத்திருக்கிறார், பட்டனை மறந்துவிட்டார். டீச்சர் அதை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, கெட்டுப்போயிருக்கிறது என்று பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பினார்.

கெட்டுப்போகவில்லை, அங்கே ஒரு உரை இருந்தது, வைத்தவன் நான்தான் என்றேன். என்ன உரை என்று கேட்டார். சொன்னேன். டீச்சர் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டு கார்டையும் சொன்னேன், செக்யூரிட்டி வந்து எட்டிப் பார்க்கிற அளவு சத்தமாக.

புதிதாக H1-இல் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நீங்கள் மறுத்தாலும் வேலை நடந்துவிடும். அதில் பாஸ்கர் சார் சொன்னது சரி. ஆனால் அந்தக் கீயை நான் அமுக்கியிருந்தால், அன்று அந்த அறையில் என்னால் வாய் திறந்திருக்க முடியாது.