கண்மாயில் குளித்த லாரியோடு மதுரைக்கு

விடியற்காலை ஐந்து மணிக்குச் சோழவந்தானிலிருந்து கிளம்பினோம். என் பழைய லாரி நிறையப் பழுக்கத் தொடங்கிய பூவன் வாழைத்தார், ஒரு வருட உழைப்பு. மதுரைச் சந்தைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். வெயில் ஏறுவதற்குள் இறக்காவிட்டால் காய் கறுத்துவிடும். ஓட்டியவர் என் தங்கை வீட்டுக்காரர். எங்கள் பக்கம் தங்கை மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லக் கூடாது. அன்று முழுக்க என்னைப் பல்லைக் கடிக்க வைத்தது அந்த வழக்கம்தான்.

சமயநல்லூர் தாண்டியதும் வண்டிக்கு அடியில் டங்கு டங்கென்று இடித்தது. பரவையில் கியர் விழ மறுத்தது.

"பழைய வண்டில்ல மச்சான், அப்படித்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

இரண்டாவது கியரிலேயே உருட்டி விளாங்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்த்தோம். முகூர்த்த நாள், சரக்கை மாற்றிவிட வேறு வண்டி கிடைக்கவில்லை. மெக்கானிக் அடியில் படுத்து கியர் பாக்ஸைத் திறந்தார். பால் அதிகமான காபி மாதிரி ஒன்று கொட்டியது.

"ஆயிலா இது? இம்புட்டுத் தண்ணி எப்படிண்ணே உள்ள போச்சு?"

மாப்பிள்ளை கூச்சமே இல்லாமல் சொன்னார். குலசாமி கோயிலில் வண்டிக்குப் பூசை போட வேண்டுமென்று, முந்தாநாள் ஓட்டிவந்த சூட்டோடு கண்மாய்க்குள் இறக்கிக் கழுவினாராம். கொதித்த பெட்டி சட்டென்று குளிர்ந்ததில் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டது.

அதோடு விட்டதா? கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சாஃப்ட் அளவைவிட ஒரு இஞ்சு கூடுதல் நீளம். அதுவும் அவர் வேலைதான். சிநேகிதர் உடைசலுக்குப் பிரித்துப்போட்ட லாரியிலிருந்து கொண்டுவந்து, ஜாக்கியில் தூக்கிவைத்து மாட்டியிருக்கிறார். சக்கரம் தொங்கும்போது பொருந்தியது. பாரம் ஏறி ஸ்பிரிங் பட்டை அமுங்கியதும் கியர் பாக்ஸைக் குத்த ஆரம்பித்துவிட்டது.

"மாட்டுறப்ப கச்சிதமாத்தான இருந்துச்சு?" என்று என்னையே கேட்டார்.

உச்சந்தலை வரை எரிந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "பரவால்ல மாப்ள" என்றேன். அந்தக் கோபத்தையெல்லாம் மெக்கானிக் மேல் கொட்டினேன், பாவம். அளவான சாஃப்ட் தேடிப்பிடித்து, டீசல் விட்டு அலசி, புது ஆயில் ஊற்றிக் கிளம்ப மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது.

சந்தையில் வியாபாரி படுதாவைத் தூக்கிப் பார்த்தார். "மாட்டுக்குப் போடுங்கண்ணே" என்று போய்விட்டார். அதே தாரோடு அதே சாலையில் திரும்பினோம். இப்போது லாரி சத்தமே இல்லாமல் ஓடியது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் மாப்பிள்ளைக்குத்தான் முதல் இலை. தங்கை சொன்னபடி நானே பரிமாறினேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். நிறைந்தது, வழிந்தது, இலைக்கு ஓடியது. நான் நிறுத்தவில்லை.

"போதும் மச்சான், போதும்!"

"கண்மாயில எறக்குனப்ப இதச் சொல்லிருக்கலாம்ல மாப்ள" என்றேன், வீட்டில் எல்லாரும் கேட்க.