உதறிக் காட்டிய பை

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட எனக்கும் ஆண்டவர் இரங்கினார். அதைச் சாட்சியாகச் சொல்லத்தான் இன்று சபையில் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

போன ஜூலை மாதம் ஒரு காலை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மாடி கட்ட வாங்கிப் போட்ட ஹாலோ பிளாக் கற்களுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. குக்கர் மாதிரி சீறியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கணவருக்குப் பல வருடமாகச் சுகர். இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி இல்லை. முள் குத்தினால்கூட ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் அவருக்கு எப்படித் தெரியும்? "ஆண்டவரே, இவரை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதேயும்" என்று அழுதேன்.

பக்கத்து வீட்டில் கொடுத்த நம்பரில் கூப்பிட்டதும், பாம்பு பிடிக்கிற குமார் பைக்கில் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. தோளில் துணிப்பை. ஒரு பாம்பைப் பிடிக்க வந்து இரண்டை விட்டுவிட்டுப் போவார்கள், அப்போதுதானே மறுபடியும் கூப்பிடுவோம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். கேட்டிலேயே நிறுத்தினேன்.

"பையை உதறிக் காட்டுங்க தம்பி."

"இன்னாக்கா, என்கிட்டயே செக்கிங்கா?" சிரித்துக்கொண்டே உதறிக் காட்டினார்.

ஐந்தே நிமிடத்தில் பாம்பு பைக்குள் போய்விட்டது. பிறகு சொன்னார்: "வயிறு ஒட்டிப் போய் கீதுக்கா. குட்டி போட்டுகீது. கல்லெல்லாம் எட்த்துப் பாக்கணும். வீட்ல எல்லாரையும் செருப்பத் தட்டிட்டுப் போடச் சொல்லு."

பாம்பு குட்டி போடுமாம். எனக்குத் தெரிந்த பாம்பெல்லாம் முட்டைதான் போடும். இந்த ஆள் ஏமாற்றுகிறார் என்று நான் நினைத்தது சரியாகிவிட்டது. "ஒண்ணும் வேணாம், நீங்க கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டேன். செருப்பு விஷயத்தை என் கணவரிடம் சொல்லவும் இல்லை. பின்வாசல் நிலையில், சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவிவிட்டு, இது போதும் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் முழங்காலில் நின்றேன். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, அந்த ஆள் புளுகன் என்று எனக்குக் காட்டும்." வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் ஜெபம் ஓடவில்லை. செருப்பு, செருப்பு என்றே மனதில் வந்துகொண்டிருந்தது. சரி, ஒன்றும் இருக்காது, பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன்.

என் கணவர் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். "நில்லுங்க" என்றேன். சுகருக்காக அவர் போடுகிற, முன்பக்கம் மூடிய செருப்பு வாசலில் இருந்தது. கையால் எடுக்கவில்லை. துடைப்பக் கட்டையால் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சாண் நீளத்தில் விரியன் குட்டி விழுந்தது. முதுகில் தாய்க்கு இருந்த அதே சங்கிலிக் கோலம்.

பக்கெட்டைக் கவிழ்த்து அதை மூடினேன். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குமாருக்குப் போன் செய்யக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் செய்தேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் உடனே கிளம்பி வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, நான் கேட்காமலே பையை உதறிக் காட்டினார்.

"வேணாம் தம்பி, உள்ள வாங்க" என்றேன்.

"பரவால்லக்கா. பாத்துட்டா உனக்கு நிம்மதி."

கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி இன்னும் ஒன்பது குட்டிகளைப் பிடித்தார். வனத்துறையில் ஒப்படைக்க எடுத்துப் போனார்.

காலையில் நான் அழுதுகொண்டே கேட்டதை ஆண்டவர் தந்தார். சாயங்காலம் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவருக்கு ஸ்தோத்திரம். என் கணவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதெல்லாம் அவர் செருப்பைத் தட்டிக் கொடுக்கிறவள் நான்தான்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது பயம் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். கட்டாயம் கேட்பார். அவர் அனுப்புகிற ஆளை மட்டும் கேட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள்.