மாட்டுக்கு மறைப்புக் கட்டிய நாள்

எங்கள் வீட்டில் அப்பா எதையாவது கேள்விப்பட்டு வந்து சொன்னால், அடுத்த சனிக்கிழமை எல்லோரும் காரில் ஏறியாக வேண்டும். அப்படித்தான் ஆப்பிள் பிடுங்கப் போய் மழையில் நனைந்தோம். அப்படித்தான் ஓர் இரவு முழுக்கக் கொசுக்கடி வாங்கி நட்சத்திரம் பார்த்தோம். மாடு கன்று போடுவதைப் பார்க்கப் போனதும் அப்படித்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. கனடாவில், ரொறன்ரோ நகரத்து அஜின்கோர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அப்பாவுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. அவருடைய சூப்பர்வைசர் பண்ணை வீட்டில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் தன் ஊரில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நடக்கும் கண்காட்சியைப் பற்றி அவர் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறார். ஆள் உயரப் பூசணிக்காய்க்குப் பரிசு கொடுப்பார்களாம், ட்ரக்டர் போட்டி நடக்குமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெரிய கொட்டகையில் நிறைமாத மாடுகளையும் பன்றிகளையும் செம்மறிகளையும் கொண்டுவந்து விட்டிருப்பார்களாம். அவை அங்கேயே, சனம் பார்த்திருக்க, குட்டி போடுமாம்.

அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? “உம்மடை பிள்ளையளிட்டைப் பால் எங்கையிருந்து வருதெண்டு கேட்டுப் பாரும். பையிலையிருந்தெண்டு சொல்லுவினம்” என்றார் அம்மாவிடம். அது உண்மைதான். இங்கே பால் பிளாஸ்டிக் பையில் வரும், மூலையை வெட்டி ஊற்றவேண்டும். எனக்குத் தெரிந்த பசு அந்தப் பையில் அச்சடித்திருந்த பசுதான்.

“மாடு கண்டு போடுறதிலை பாக்க என்ன கிடக்கு?” என்று அம்மா கேட்டார்.

நான் முழுக்க முழுக்க அப்பாவின் கட்சி. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வகுப்பில் திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, சனி ஞாயிறில் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் படகு விட்டிருப்பார்கள், குதிரை ஏறியிருப்பார்கள், புது நாய்க்குட்டி வாங்கியிருப்பார்கள். என்னுடைய கதை எப்போதும் ஒன்றே: தமிழ் வகுப்பு, மாதா கோயில் பூசை, யாரோ ஒருத்தி பெரியபிள்ளையான சாமத்தியவீடு. என் முறை வரும்போது ஆசிரியைகூட மணிக்கூட்டைப் பார்ப்பார். ஆகவே அந்த வெள்ளிக்கிழமையே, ஒரு கன்று பிறப்பதைப் பார்க்கப் போகிறேன் என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன். ஒருவனும் நம்பவில்லை. பார்த்துவிட்டு வந்தே ஆகவேண்டும் என்ற நிலைமை எனக்கு.

சனிக்கிழமை அம்மா விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்தார். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ரோல்ஸுக்குள் வைத்தது மாட்டிறைச்சி. மாடு பார்க்கப் போகிற இடத்துக்கு மாட்டிறைச்சி கொண்டுபோகிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரோல்ஸ், பிளாஸ்கில் தேநீர், புல்லில் விரித்து இருக்க ஒரு பெட்சீற், சாப்பாடு பரப்ப இன்னொரு பெட்சீற். நயாகராவென்ன, நரகமென்ன, எங்கள் ஆட்கள் இரண்டு பெட்சீற் இல்லாமல் வெளிக்கிட மாட்டார்கள். பையை அம்மாதான் தோளில் போட்டுக்கொண்டார்.

கண்காட்சி வாசலில் சூப்பர்வைசரும் மனைவியும் எங்களுக்காகக் காத்து நின்றார்கள். இரவு வேலையிலிருந்து பகலுக்கு மாற்றித் தரும்படி அப்பா அவரிடம் கேட்டிருந்த காலம் அது. அப்பா கலியாண வீட்டுச் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, அவர் காட்டிய பூசணிக்காய்களையெல்லாம் முதல்முறை பூசணிக்காயைக் காண்பவர்போல வியந்துகொண்டு வந்தார். அக்கா, எங்களைத் தெரியாத மாதிரி பத்தடி பின்னால் வந்தாள்.

கன்று போடும் கொட்டகைக்குள் வைக்கோல் வாசமும் பொரித்த சோள வாசமும் கலந்து அடித்தன. சுவரோடு வரிசையாகத் தடுப்புகள், முன்னால் சனம் உட்காரப் படிபோல ஏறும் வாங்குகள், கூரையிலிருந்து ஒரு பெரிய திரை. பச்சைத் தொப்பி போட்ட பெண் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கடைசித் தடுப்பில் நிற்கும் பசுவுக்குக் கன்று போடும் நோ தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். சனம் அங்கே பாய்ந்தது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றினார்கள். அப்பா எங்களைக் கம்பியோடு முன்னுக்கு நிறுத்திவிட்டு, சூப்பர்வைசரோடு சிப்ஸ் வாங்கப் போனார்.

கறுப்பு வெள்ளைப் பசு. காதில் மஞ்சள் அட்டை. அந்தத் தடுப்பு மூலையில் இருந்ததால், முன்பக்கமும் வலப்பக்கமும் சனம் நிற்கலாம், மற்ற இரண்டு பக்கமும் பலகைச் சுவர். பசு படுத்தது, எழும்பியது, பின்பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பியது. உடனே முன்னால் நின்ற சனம் வலப்பக்கம் ஓடியது. பசு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி திரும்பியது. சனம் திரும்ப முன்பக்கம் வந்தது. ஒருவர் சோளப்பொரியைக் கொறித்துக்கொண்டு, எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் அதே கேள்விதான்.

“அது மறைவு தேடுது” என்றார் அம்மா.

யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது. பசு மூன்றாந்தரமும் திரும்பியது, சனம் மூன்றாந்தரமும் ஓடியது. அம்மா தோளிலிருந்த பையை இறக்கினார். பெட்சீற் ஒன்றை உதறி விரித்தார். பெரிய பெரிய சூரியகாந்திப் பூப் போட்ட, வெளுத்துப்போன பெட்சீற். அதன் ஒரு நுனியை ஒரு கம்பத்திலும் மறு நுனியை அடுத்த கம்பத்திலும் முடிந்து, முன்பக்கத்தை அப்படியே மூடிவிட்டார்.

ஒரு நிமிடம் ஒருவருக்கும் விளங்கவில்லை. இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று சிலர் நினைத்திருக்கவேண்டும். பிறகுதான் பின்னாலிருந்து கூச்சல் வந்தது. தோளிலிருந்த ஒரு குழந்தை அழுதது. அக்கா திரும்பியும் பாராமல் பன்றிகள் இருந்த பக்கம் நடந்தாள். பச்சைத் தொப்பிப் பெண் ஓடிவந்து, மிக மரியாதையாக, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்குக் கடையில் பேசும் அளவுக்குத்தான் ஆங்கிலம். “பிளீஸ். மதர். நோ லுக்கிங்” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. உலகத்தில் எத்தனையோ அம்மாக்கள் இருக்க, நான் திங்கட்கிழமை சொல்லவேண்டிய கதையை மூடிக் கட்டிய அம்மா எனக்கா வாய்க்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா இரண்டு கையிலும் சிப்ஸோடு வந்தார். பின்னால் சூப்பர்வைசரும் மனைவியும். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. சூரியகாந்திப் பெட்சீற்றைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில், “விசரே உமக்கு? சனம் பாக்குது, அவிழும்” என்றார்.

“சனம் பாக்குதெண்டுதானே கட்டினனான்.”

“அவங்கள் காசு குடுத்துப் பாக்க வந்தவங்களப்பா. அது மாடு!”

அம்மா அவரை நேரே பார்த்தார். “நானும் இப்பிடிக் கிடந்தனான். எனக்குத் தெரியும்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா சிப்ஸை என் கையில் தந்தார். வலப்பக்கம் இன்னும் திறந்துதான் கிடந்தது, சனம் இப்போது அங்கே முண்டியடித்தது. அப்பா பைக்குள் கையை விட்டு மற்றப் பெட்சீற்றை எடுத்தார். சூப்பர்வைசரைத் தாண்டி, சனத்தை விலக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கத்துக் கம்பியில் முதுகு படுமாறு நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்துப் பெட்சீற்றைப் பிடித்தார். கலியாண வீட்டுச் சேர்ட்டோடு சிலுவையில் அறைந்தவர்போல அவர் நின்ற கோலம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

பச்சைத் தொப்பிப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல், ஆங்கிலம் தெரிந்த ஆளைத் தேடி, எங்கள் சாயலில் பன்றிகள் பக்கம் நின்ற அக்காவைப் பிடித்தார். நீங்கள் இந்துக்களா, இது உங்கள் சமய வழக்கமா என்று கேட்டிருக்கிறார். அந்த வருடம்தான் பிஷப்பின் கையால் உறுதிபூசுதல் பெற்றிருந்த என் அக்கா, பிரச்சினை முடிந்தால் போதும் என்று, ஆம் என்று தலையாட்டிவிட்டாள்.

மைக்கில் அறிவிப்பு வந்தது. இந்தக் குடும்பத்தின் மரபில் பசு புனிதமானது, சில நிமிடங்கள் அதை மதிப்போம் என்றார்கள். கொட்டகை முழுவதும் ஆஹா என்றது. சிலர் கைதட்டினார்கள். சூப்பர்வைசரின் மனைவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு சனம் முழுவதும் திரும்பி, கூரையில் பொருத்தியிருந்த கமரா பெரிய திரையில் காட்டியதைப் பார்க்கத் தொடங்கியது. பெட்சீற்றுக்கு மேலாலே எல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா அண்ணாந்து பார்க்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

“நீ உள்ளுக்கு வா, பிள்ளை” என்றார் அம்மா. கம்பிக்கும் பெட்சீற்றுக்கும் நடுவில் நான் ஒடுங்கி நின்றேன். பசுவுக்கு முன்னால் இப்போது முகங்கள் இல்லை, வெளுத்த சூரியகாந்திப் பூக்கள்தான். அது பெரிதாக ஒரு மூச்சு விட்டு, வைக்கோலில் படுத்தது. பிறகு திரும்பவில்லை. அம்மா அருள்நிறைந்த மரியே செபத்தை வாய்க்குள் சொல்லத் தொடங்கினார். முதலில் இரண்டு வெள்ளைக் குளம்புகள் வந்தன. அவற்றின் மேல் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு மூக்கு. பிறகு எல்லாமாக, வழுக்கிக்கொண்டு, ஆவி பறக்க வந்து விழுந்தது. பசு எழும்பித் திரும்பி அதை நக்கியது. ஈரச் சாக்குமூட்டை மாதிரிக் கிடந்தது தலையை ஆட்டியதும் நான் கத்திவிட்டேன். அவ்வளவு கிட்டத்தில் நின்று அதைப் பார்த்தது அந்தக் கொட்டகையில் இருந்த பிள்ளைகளில் நான் ஒருத்திதான். அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

மத்தியானம் புல்லில் பெட்சீற் விரிக்கவில்லை. பசுவைக் கும்பிடும் குடும்பம் மாட்டிறைச்சி ரோல்ஸ் தின்பதைச் சூப்பர்வைசர் கண்டுவிட்டால் என்ன செய்வது? காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குனிந்து குனிந்து சாப்பிட்டோம். அக்கா முதல் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தோம். அப்பாவுக்கு அடுத்த மாதமே பகல் வேலை கிடைத்தது. அதற்கும் அந்தப் பசுவுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, சூப்பர்வைசரின் மனைவி அந்த நத்தாருக்கு எங்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்பவில்லை. இந்துக்களுக்குக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அனுப்பினால் மனம் புண்படும் என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை வகுப்பில் நான்தான் ராணி. குளம்பு வந்ததையும் மூக்கு வந்ததையும் நடித்தே காட்டினேன். அம்மாவும் அப்பாவும் ஏன் பெட்சீற் பிடித்தார்கள் என்று ஒருவன் கேட்டான். எங்களுக்கு மாடு புனிதம் என்று மைக்கில் கேட்டதை அப்படியே சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடம் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம், ஆசிரியைக்குக் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது. ஆனாலும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கனகாலத்துக்கு எனக்கும் வேறு காரணம் தெரியாது.

நான் பிறந்த கதையை அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது, தாதி கத்தரிக்கோலைத் தந்து கொடியை வெட்டச் சொன்னது, தான் மயங்கி விழப் பார்த்தது. அக்கா பிறந்த கதையை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா அதை அக்காவுக்குச் சொன்னதே அவளுக்குக் கலியாணமாகி, வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதான். அக்கா எனக்குச் சொன்னாள்.

போரால் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுவதும் இடம்பெயர்ந்து ஓடிய நேரம் அது. அம்மாவுக்கு நோ கண்டது ஒரு பள்ளிக்கூட விறாந்தையில். கால் வைக்க இடமில்லாமல் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் நெருங்கிக் கிடந்த விறாந்தை. பக்கத்தில் இருந்த பெண்கள், தங்கள் பொட்டலங்களிலிருந்து சீலைகளை எடுத்து அம்மாவைச் சுற்றிப் பிடித்தார்கள். மூன்று பக்கத்துக்கு ஆள் இருந்தது. நாலாவது பக்கத்துக்கு இல்லை. முற்றத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் முழுவதும் அந்தப் பக்கமாகத்தான் நின்றது. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அப்பா அதற்கு நாலு மாதம் முன்னர் கனடா வந்துவிட்டார். அக்கா பிறந்த நேரத்தில் அவர் ரொறன்ரோவின் பார்க்டேலில், ஓர் அறையில் ஐந்து பேரோடு இருந்தார். தான் தகப்பனானதே அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

கொட்டகையில் அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கன்று எழும்பி நின்று, பால் குடிக்கத் தொடங்கி, சனமெல்லாம் கலைந்து போன பிறகும் அப்பா வலப்பக்கத்தில் அப்படியே நின்றார். விரித்த கைகளை இறக்கவில்லை. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முதுகுப் பக்கம் நடந்தது தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, நான்தான் ஓடிப்போய் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, எல்லாம் முடிஞ்சுது. இனிக் கையை விடுங்கோ” என்றேன்.