நூற்று எண்பத்து மூன்று நாள்

யோசபீன் அக்காவின் காரியத்தைக் கெடுத்தது நான்தான். கியூபெக் மாகாணத்தின் மொன்ட்ரியால்-நோரில், தேவாலயத்தில் பூசை முடிந்ததும் மண்டபத்துக் கதிரையில் உட்கார்ந்து, பிரெஞ்சு தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பெரிய மனிதன் நான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அக்கா மன்னார்க்காரி, தனியாக இருப்பவர். ஹோட்டல் அறைகளைத் துடைத்தே காலம் போனது. அறுபத்தைந்து வயதானதும் அரசாங்க மருந்துக் காப்புறுதியில் அவர் பெயர் தானாகச் சேர்ந்தது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் வருத்தம். இரத்தம் கட்டியாகாமலிருக்கக் காலையும் மாலையும் ஒவ்வொரு குளிசை. விட்டால் பாரிசவாதம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சென்ற மாசியில் டொரொண்டோவில் மகள் லக்சனாவுக்குப் பிள்ளை பிறந்தது. பத்தியம் சமைத்துக் கொடுக்கத் தாய் போகாமல் யார் போவது? புறப்படுமுன், கனநாள் நின்றால் மருந்துக்கு ஏதும் பிரச்சினை வருமா என்று என்னைத்தான் கேட்டார்.

"டொரொண்டோவும் கனடாதானே அக்கா. ஆசை தீர நிண்டிட்டு வாங்கோ," என்றேன்.

எங்களுக்கு டொரொண்டோ பக்கத்து அறை மாதிரி. ஒரு கூறைச் சேலைக்காக ஓடிப்போய் வருகிற சனம் நாங்கள். பாரிஸிலிருந்து தாய்மாமன் வந்தால்தான் ஞானஸ்நானம் என்று இழுத்து, அக்கா ஏழு மாதம் நின்றுவிட்டார். அவருடைய மருந்தை வாங்கி, அங்கே போகிறவர்களின் கையில் கொடுத்துவிட்டதும் நானே. திரும்பி வந்ததும் மருத்துவ அட்டை புதுப்பிக்கும் படிவத்தில், மாகாணத்துக்கு வெளியே ஏழு மாதம் என்று முத்து முத்தாக எழுதியதும் நானே.

கடிதம் வந்தது. வருடத்தில் நூற்று எண்பத்து மூன்று நாளோ அதற்கு மேலோ கியூபெக்கில் இல்லாதவருக்கு அந்த வருடம் காப்புறுதி இல்லை. தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் காத்திருந்து மன்றாடினேன். ஏழு வருடத்துக்கு ஒருமுறை விலக்கு உண்டு என்றாள் மறுமுனையில் பேசிய பெண், மிக மரியாதையாக. அதை அக்கா நாலு வருடத்துக்கு முன்பே பாவித்துவிட்டார், மன்னாரில் தாய் சாகக் கிடந்தபோது. தாயின் சாவுக்குப் போகலாம், அல்லது மகளின் பேறுக்குப் போகலாம். இரண்டுக்கும் போனது எங்கள் அக்காவின் குற்றம். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது?

ஒரு மாத மருந்தை முழு விலைக்கு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் வாங்கவிடவில்லை. லக்சனாவுக்குச் சொல்வோம் என்றேன்.

"பிள்ளை பிறந்ததாலதான் இப்பிடி எண்டு அவள் நினைப்பாள். வேண்டாம் தம்பி."

போன ஞாயிறு குளிசைப் பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லாம் பாதி பாதியாக வெட்டப்பட்டிருந்தன. வருடம் முடியும்வரை எட்டுமாம். வெட்டக்கூடாது என்று மருந்துக்கடையில் சொன்னார்களாம். வெட்டாமல் என்ன செய்வது என்று சொல்லவில்லையாம்.

"அரைக்குளிசை எண்டாலும் அரைவாசி காக்கும்தானே, தம்பி?"

மாசியில் பார்த்த அதே நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது அக்கா."

அவர் பெட்டியை மெல்ல மூடினார்.

"உங்களுக்கே தெரியாதெண்டால் நான் பேந்து ஆரைக் கேக்கிறது?"