ராணி கேட்ட கேள்வி

எம். புதுப்பட்டி ஊர்க்காவலனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பட்டாசு ஆபீஸில் (தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வெடிமருந்து செலுத்துகிற வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஏறிய வெள்ளிப்பொடி போகாது. இந்த மனிதர்தான் வருஷத்தில் ஒருநாள் அந்த ஊருக்கு ராணி. கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள், ஆசையாய் வளர்த்த மீசையை எடுத்துவிட்டு, மனைவி பொன்மணியின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார் என்றால், அடேயப்பா, ஊரே அழும்.

நாடகம் ஊர்க்காரர்களே கட்டியது. போருக்குப் போன இளவரசன் செத்துப்போனான் என்று தூதன் வந்து சொல்வான். ராணி மூன்று தப்படி பின்னால் போய், "எவன் கை வாளடா என் குலக்கொழுந்தைச் சாய்த்தது?" என்று கேட்பாள். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் முந்தானையெல்லாம் நனைந்துபோகும். இருபது வருஷமாக இதே கேள்வி, இதே அழுகை. "நான் அழ வைக்காத பொம்பள இந்த ஊர்ல கிடையாதுலே" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

இந்த வருஷம் தை மாசத்தில் அவருடைய ஒரே மகன் செழியன் ஆபீஸ் வெடிவிபத்தில் போய்விட்டான். இருபத்துமூன்று வயது. ஊரே கதறியது, ஊர்க்காவலன் கண்ணில் மட்டும் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. பதினாறாம் நாள் முடிந்தும் வரவில்லை. சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் கிடந்தார். "மேடையிலயே எல்லாத்தையும் அழுது தீத்துட்டான்" என்று சொல்ல வாய்க்கென்ன வலிக்கவா போகிறது? சொன்னார்கள். அது அவர் காதுக்கும் வந்தது.

பங்குனி பிறந்ததும், "நான் வேசம் கட்டணும்" என்றார். பொன்மணி பதறிவிட்டாள்.

"வேண்டாங்க. பெத்த பிள்ளையப் பறிகொடுத்துட்டு அந்த வசனத்த எப்படிப் பேசுவீக?"

"அங்கன போயாச்சும் அழுக வருதான்னு பாக்கேன், பொன்மணி. வரலேன்னா, இம்புட்டு வருசமும் நான் வெறும் வேசக்காரந்தான்."

துக்க வீட்டுக்காரன் வருஷம் திரும்பாமல் சாமி காரியத்தில் நிற்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். விழா நடத்துகிற சங்கரபாண்டியன் தயங்கினார். முன்னொரு வெடிவிபத்தில் புருஷனைப் பறிகொடுத்த அய்யம்மாள்தான் பொரிந்து தள்ளினாள்.

"நல்லாச் சொன்னீக! இந்த ஊர்ல துக்கம் பாத்தா, சாமிக்குத் தேங்கா உடைக்கக்கூட ஆளு தேறாது. அண்ணன் கட்டட்டும்."

சங்கரபாண்டியன் ராணி வேஷத்துக்கு ஊர்க்காவலன் பேரையே எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்கு மேல் மைக் கூடாதென்று போலீஸ் கெடுபிடி. பொழுது சாயவுமே நாடகம் தொடங்கிவிட்டது. தூதன் வேஷத்தில் பாலகுரு. அவரும் ஆபீஸ் வேலைக்காரர்தான். ஓடிவந்து மண்டியிட்டு, "தாயே, இளவரசர் மாண்டார்!" என்றார். ராணி மூன்று தப்படி பின்னால் போனாள். ஊர்க்காவலன் வாயைத் திறந்தார்.

"ஏலே, எந்த ரூமு?"

போர்க்களத்தில் ரூம் ஏது? வேறு ஊராக இருந்தால் விசிலடித்துச் சிரித்திருப்பார்கள். இங்கே சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. பட்டாசு ஆபீஸில் ஒவ்வொரு அறையும் தனித்தனியாக நிற்கும். சுவரில் நம்பர் எழுதியிருக்கும். யாருக்கு எந்த அறையில் வேலை என்று வீட்டுக்கு வீடு தெரியும். வெடிச்சத்தம் கேட்டு ஆபீஸ் வாசலுக்கு ஓடுகிற பெண்கள் யார் செத்தது என்று கேட்கமாட்டார்கள். எந்த ரூம் என்றுதான் கேட்பார்கள். நம்பரைச் சொன்னால் போதும், அந்த வீட்டுக்காரி அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

பாலகுரு மண்டியிட்டபடியே திருதிருவென்று விழித்தார். செய்த பிசகு ஊர்க்காவலனுக்கு உறைத்தது. அப்போது பெண்கள் பக்கமிருந்து அய்யம்மாள் எழுந்தாள்.

"பன்னெண்டு" என்றாள்.

அவள் புருஷன் வேலை பார்த்த அறை. அடுத்து, அவள் பக்கத்தில் இருந்த செல்லத்தாய் எழுந்தாள். "நாப்பத்தொண்ணு." பின்வரிசையில் ஒரு குரல், "அஞ்சு. எம் மக." இன்னொரு குரல், இன்னொரு நம்பர். மைக்கே இல்லாமல் அந்தக் குரல்கள் பந்தல் முழுக்கக் கேட்டன.

ஊர்க்காவலனுக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களையா நான் அழ வைத்தேன் என்று பீற்றிக்கொண்டேன்? என்ன மடத்தனம்! ஒவ்வொருத்தியும் இத்தனை வருஷமும் தன் நம்பருக்கல்லவா அழுதிருக்கிறாள்! இவ்வளவையும் சுமந்துகொண்டு மறுநாள் காலையில் அதே ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப்போகிற சனம் இது. அவர் கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். தலைக்குமேல் கையெடுத்து அவர்களைக் கும்பிட்டார்.

குரல்கள் ஓய்ந்தன. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"ஏழு" என்றார் ஊர்க்காவலன். "எம் மகன் ஏழாம் ரூமு."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.